பெண் வீட்டுப் பக்கம்

போடிநாயக்கனூரில் அல்லா பிச்சை என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். ஒருவர் மளிகைக்கடை, ஒருவர் ஏலக்காய் வியாபாரம், ஒருவர் பஞ்சர் ஒட்டுகிறவர். 'செட்டு பிச்சை' என்று கேட்டால் மட்டும் எல்லா விரலும் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையை நோக்கியே நீளும். கல்யாண மேடைக்குப் பின்னால் நிற்கிற அரண்மனை, காதுகுத்துக்கு வருகிற அன்னப்பறவை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நிற்கிற ராக்கெட் எல்லாம் அந்தக் கொட்டகையில் பிறந்தவைதான். ஆடி முடித்ததும் அங்கேயே வந்து படுத்தும் கொள்ளும். உள்ளே நுழைந்தால் பாதித் தாஜ்மகால் சுவரோரம் சாய்ந்திருக்கும். கழுத்தில்லாத அன்னம் ஒன்று அதன் மடியில் கிடக்கும்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பதில் ஊரில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. திருவிழாக்களுக்குச் சீரியல் பல்பு கட்டப் போனார். இருபத்து நாலு வயதில், கல்யாணமான புதிதில், மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி மேடைப் பக்கம் போனவர், அங்கே நின்ற பளிங்குத் தூணைப் பார்த்து மலைத்துப்போனார். யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் சுண்டினார். 'டொக்' என்றது. நகத்தால் கிள்ளினார். தூண் கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் சின்ன உருண்டைகள்.

அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர், வழியெல்லாம் அதையே தடவிக்கொண்டு வந்தார். "கல்லு இம்புட்டு லேசுன்னு தெரியாமப் போச்சே அமீரு. இத்தன நாளா பல்பு கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!" என்று பெண்டாட்டியிடம் புலம்பினார். மறுநாளே வீட்டில் இருந்த இஸ்திரிப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சுருள்கம்பியை நீட்டி, பழைய பேட்டரியில் மாட்டி, சூட்டுக் கம்பியால் தெர்மாகோலை வெண்ணெய் மாதிரி அறுக்கப் பழகினார். அந்த இஸ்திரிப்பெட்டி அமீருன்னிசா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இருபத்தெட்டு வருஷமாகியும் அந்த வழக்கு இன்னும் தள்ளுபடி ஆகவில்லை.

சறுக்கல்களும் உண்டு. கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் அவருடைய தாஜ்மகாலின் கும்மட்டம் காற்றில் கழன்று உருண்டோடிப் பந்தியில் போய் உட்கார்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் வந்த விருந்தாளியை மதித்து அதன் முன்னாலும் ஓர் இலை போட்டார். இப்படிப் பட்டுப்பட்டுத்தான் அல்லா பிச்சை தன் தொழிலுக்கு இரண்டு சட்டம் வகுத்து வைத்திருந்தார். ஒன்று, மேடையில் காலி இடம் விடக்கூடாது. விட்டால் கண்ணு படும். இரண்டு, ஒச்சம் ஏறக்கூடாது. கீறல் விழுந்தது, முனை உடைந்தது, கறை பிடித்தது எதுவும் தாலி கட்டுகிற இடத்துக்குப் பின்னால் நிற்கக்கூடாது. ஒரு பூ இதழ் நசுங்கியிருந்தாலும் புதிதாய் வெட்டி ஒட்டச் சொல்லுவார்.

அந்த இரண்டு சட்டத்துக்கும் ஒரே நாளில் சோதனை வரும் என்று அவர் கண்டாரா?

மார்கழி பிறந்த வாரம். போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் ரகம் பிரிக்கிற பெரியம்மாள், கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ஐம்பதைத் தொட்ட வயது, கறுத்து மெலிந்த உருவம். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோ. விரல்பட்டு விரல்பட்டு உறையின் ஓரம் மங்கிப்போயிருந்தது.

"அண்ணே, இதை எனக்குக் கட்டித் தரணும்."

அல்லா பிச்சை வாங்கிப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் கூட்டம். நடுவில் பட்டுச்சேலையில் நம்மூர்ப் பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஒரு மாப்பிள்ளை. பின்னால் நாலு உருட்டுத் தூண், அதற்கு மேல் நீளக் கல் உத்தரம், அதற்கும் மேல் ஓட்டுவீட்டு மோடு மாதிரி ஒரு முக்கோணம். கோபுரம் இல்லை. மணிக்கூண்டு இல்லை. சிலுவையைக்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"என்ன ஆத்தா இது? கோர்ட்டு வாசல்லயா கல்யாணம் முடிச்சாக?"

"கோயிலுண்ணே. மாதா கோயிலு. என் மக கலையரசி பிரான்சு தேசத்துல மண்ணைப் பத்திப் படிக்கப் போனாள்ல, அங்க மாப்ள ஊரு. பாரிசுல இருந்து ரயில்ல மூணு மணி நேரமாம். நம்ம போடி மாதிரிதான், சின்ன ஊரு, சந்தை இருக்காம்."

"கோயிலா! ஒரு பூ இல்ல, ஒரு பொம்ம இல்ல. மொட்டையா நிக்குது?"

"அது வந்து..." பெரியம்மாள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்தாள். "இருநூறு வருசத்துக்கு முன்னாடி அவுகளுக்குப் பழைய ரோமாபுரிக் கோயிலு, கிரேக்கக் கோயிலு மேல ஆசை வந்துருச்சாம். பூ வேலை எல்லாம் சலிச்சுப்போயி, அதைப் பாத்து இந்த மாதிரி எல்லா ஊர்லயும் கட்டிக்கிட்டாகளாம். கலை சொல்லுச்சு."

அல்லா பிச்சைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிப் போடு! இன்னொரு ஊரு கோயிலப் பாத்துக் கட்டுனதா? அப்ப இதுவே ஒரு செட்டுதான். சுடலை, இங்க பாருடா, அங்கயும் நம்மாளுக இருந்திருக்கான்!"

உள்ளேயிருந்து பெயிண்ட் கையோடு எட்டிப்பார்த்தான் சுடலை. பதினைந்து வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவன். "ஆனா அவன் கல்லுல பண்ணிருக்கான் பாய். பைத்தியக்காரன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பெரியம்மாள் சிரிக்கவில்லை. போட்டோவில் ஓர் இடத்தை விரலால் தொட்டாள். படிக்கட்டின் இடது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, மாமன் மச்சான் என்று அடைத்துக்கொண்டு நின்றார்கள். வலது பக்கம் அஞ்சு படியும் வெறும் படி.

"அது பொண்ணு வீட்டுக்காரவுக நிக்கிற பக்கமாம் அண்ணே. எனக்கு விசா குடுக்கல. போனா திரும்பி வருவேன்னு நம்பிக்கை இல்லையாம். ஏலக்கா எடுப்பு ஆரம்பிக்கிற நேரத்துல நான் ஏன் அங்கயே உக்காந்துக்கப் போறேன், சொல்லுங்க? எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். ஏழு மாசமா இந்தப் படத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். தை மாசம் மகளும் மருமகனும் வர்றாக, சம்பந்தியம்மாவும் வர்றாக. ஏலக்கா காயவைக்கிற எஸ்டேட்டு ஸ்டோரு முத்தத்துல விருந்து. அங்க இந்தக் கோயில நிப்பாட்டிருங்க. இந்தா, இந்த மூணாம் படியில நான் ஏறி நிக்கணும். அதே மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும். மகளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது."

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் அரண்மனை கேட்டிருக்கிறார்கள். ஒரு படியில் கொஞ்சம் இடம் கேட்டு யாரும் வந்ததில்லை. அல்லா பிச்சை அந்த வெறும் படியை விரலால் தொட்டுப் பார்த்தார். "நிப்பாட்டிப்புடலாம் ஆத்தா" என்றார்.

மறுநாள் காலையே அளவெடுப்பு தொடங்கியது. மாப்பிள்ளை ஆறடி ஓரங்குலம் என்று பெரியம்மாள் சொல்லியிருந்தாள். போட்டோவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் அவனை ஓர் அடிக்கோலாக வைத்துத் தூணுக்கு எத்தனை மாப்பிள்ளை, உத்தரத்துக்கு எத்தனை மாப்பிள்ளை என்று சுடலை நூல் பிடித்து எண்ணினான். தூண் ஐந்தரை மாப்பிள்ளை வந்தது. அத்தனை உயரத்துக்குக் கட்டினால் மலைக்காற்று கோயிலைப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிடும். தூணை மூன்று மாப்பிள்ளையாகக் குறைத்தார் அல்லா பிச்சை. "படியில மட்டும் ஓர் அங்குலம் குறையக்கூடாது. ஆளு நிக்கிறது அதுலதான்." படிக்கு மட்டும் இரும்புச் சட்டம் அடித்து, மேலே பிளைவுட் பலகை போட்டார். பொண்ணு, மாப்பிள்ளை, பெரியம்மாள், சம்பந்தி, கூடக் குறைய ஒரு பத்துப் பேர் தாங்கும்.

பத்தே நாளில் கோயில் எழுந்துவிட்டது. அதில்தான் வம்பு. வேலை முடிந்த பிறகும் நாள் மீதி இருந்தது.

மதியச் சோறு கொண்டுவந்த அமீருன்னிசா, தூக்குவாளியை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க இது, கல்யாணத்துக்கா? மய்யத்துக்குப் போத்துற கபன் துணி மாதிரி வெள்ள வெளேர்னு இருக்கு."

"போட்டோவுல அப்பிடித்தான் இருக்கு அமீரு."

"போட்டோவுல இருந்தா? அவுகளுக்கு ஆளு கிடைக்கல, விட்டுட்டாக. உங்களுக்குமா கை இல்ல? அந்த முக்கோணத்தப் பாருங்க, எம்புட்டு இடம் சும்மா கிடக்கு. ரெண்டு மயிலு நல்லா உக்காரும்."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஆனால் கண் முக்கோணத்தைவிட்டு இறங்கவில்லை. காலி இடம் அரிக்கிற இடம் மாதிரி. சொறியாமல் இருக்க முடியுமா? சாயங்காலம் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. ஒற்றை மயில் ஆகாதென்று மறுநாள் ஜோடி வந்தது. தூணுக்குத் தூண் தங்க வளையம் ஏறியது. படத்தில் உத்தரத்தின் மேல் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது, பாதி அழிந்து வாசிக்க முடியவில்லை. அந்த இடத்தில் 'நல்வரவு' வந்தது. அப்புறம் படத்தில் இருந்த ஒச்சங்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது தூணின் தலை உடைந்திருந்தது. அதை முழுசாக வெட்டிவைத்தார். முக்கோணத்தின் ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து ஒரு கருப்புக் கறை, அதை வரையாமலே விட்டுவிட்டார். விரிசலில் ஒரு செடி முளைத்திருந்தது. கட்டடத்தில் செடி முளைத்தால் குடி விளங்குமா? சுடலை அதை வரையத் தூரிகையை எடுத்தபோது அவன் கையைத் தட்டிவிட்டார்.

"பாய், அந்த அம்மா படத்துல உள்ளபடிதான் கேட்டுச்சு" என்றான் சுடலை.

"உள்ளபடிதாண்டா இருக்கு. கட்டுன அன்னிக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும்."

விருந்துக்கு முந்தின நாள் காலை கோயில் மலையேறியது. மினி லாரியில் இரும்பும் பலகையும், பின்னால் லோடு ஜீப்பில் தூண்களும். முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே காற்று கயிற்றைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தது. பதினோராவது வளைவில் ஒரு தூண் கட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பியது. எதிரே வந்த கேரளா பஸ்காரர் பிரேக்கை மிதித்து, "எந்தா இது, அம்பலம் பறக்குந்நோ?" என்று, கோயிலே பறந்துவரக் கண்டவர் மாதிரி கத்தினார். தூண் பஸ்ஸுக்கு மேலே நிதானமாக ஒரு புரள் புரண்டு, லோடு ஜீப்புக்குப் பின்னால் ஏறிவந்த இன்னொரு ஜீப்பின் மேல் இறங்கியது. அது எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப். பத்துப் பேர் ஏறுகிற வண்டியில் பதினெட்டுப் பெண்கள். தூணைக் கண்டதும் பதினெட்டுப் பேரும் கை நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டியை நிறுத்தி ஓடிவந்தார் அல்லா பிச்சை. "ஆத்தா, பாத்து, பாத்து! நெளிச்சுராதீக!"

"இது யாரு வீட்டுத் தூணுண்ணே?" என்றாள் முன்னால் இருந்த பொற்கொடி. பெரியம்மாளோடு ரகம் பிரிக்கிறவள். அந்த ஜீப்புக்கே வாய் அவள்தான்.

"பெரியம்மா வீட்டு விருந்துக்கு."

"அட, பெரியம்மாக்கா கோயிலா! எங்ககிட்டக்கூட மூச்சு விடலயே. உங்க கயித்துக்கு இது அடங்காது. எங்க மடியிலயே வரட்டும், வெரசாப் போயிச் சேரும். ஏய், அந்தக் கடைசியில உக்காந்தவ, தூணைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிறாத!"

அப்படியாக பிரெஞ்சுக் கோயிலின் தூண் ஒன்று பதினெட்டுப் பெண்கள் மடியில் தலைவைத்துப் போடிமெட்டு ஏறியது. வளைவுக்கு வளைவு அல்லா பிச்சை கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மடியில் இருந்த தூணுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

இருட்டுவதற்குள் முற்றத்தில் கோயிலை நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு ஸ்டோரிலேயே படுத்தார்கள். விடிந்து பனி விலகினபோது அவருக்கே கண் கூசியது. ஏலக்காய்க் காட்டுப் பச்சைக்கு நடுவே வெள்ளையும் தங்கமுமாக, மயில் ஜோடியோடு, ராஜகளை. இனித் தேனி என்ன, மதுரைக்காரனே வந்து பார்க்கட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

எட்டு மணிக்குப் பெரியம்மாள் வந்தாள். ஈரத் தலையோடு, பழைய ஊதாப் பட்டில். கீழே நின்று பார்த்தாள். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். இடுப்பிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்குண்ணே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"என்ன ஆத்தா, சுரத்தே இல்லாமச் சொல்றீக?"

"ரெண்டாம் தூணு தலையில கொஞ்சம் பொக்கையா இருக்குமே, அது எங்கண்ணே?"

"அது உடைஞ்சிருந்துச்சு ஆத்தா. நான் சரிபண்ணிட்டேன்."

"மேல இருந்து கருப்பா ஒரு கோடு இறங்குமே?"

"அழுக்கு ஆத்தா."

"அந்தச் செடி?"

அல்லா பிச்சைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் ஆத்தா, கல்யாணத்துக்கு வர்றவுகளுக்கு உடைஞ்சதையும் அழுக்கையுமா காட்டச் சொல்றீக? ஒச்சமானது மேடையில நிக்கக்கூடாது. இருபத்தெட்டு வருசமா எங்கிட்ட இதான் சட்டம்."

பெரியம்மாள் அவரைப் பார்த்தாள். கோபமாக ஒன்றும் இல்லை. ஏலக்காயில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"உடைஞ்சது கல்யாணத்துல நிக்கக்கூடாதுன்னு சொல்றவுகதான் புருசன் செத்தவளும் நிக்கக்கூடாதுன்னு சொல்லுவாக. எனக்குப் பதினோரு வருசமாச்சு. அப்ப என்னையும் மூணாம் படியில இருந்து இறக்கி விட்ருவீகளாண்ணே?"

அல்லா பிச்சையின் கண் தானாக மூன்றாம் படிக்குப் போனது.

"எட்டு மாசமாப் பாத்திருக்கேன்" என்றாள் அவள். "அந்தப் பொக்கை எனக்குத் தெரியும். செடியில எத்தன இலைன்னு தெரியும். அந்தக் கோயில்ல நிக்கத்தான் ஆசைப்பட்டேன். இது அதைவிட அழகா இருக்கு, இல்லங்கல. ஆனா இதுல என் மகளுக்குக் கல்யாணம் நடக்கல." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையல் பக்கம் போனாள். அண்டாவில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

சுடலை பல் குச்சியை மென்றபடி வானத்தைப் பார்த்தான். 'நான் சொன்னேன்ல' என்று சொல்லாமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"பொண்ணு மாப்ள வண்டி எப்ப வருது?" என்று அவனிடம் கேட்டார் அல்லா பிச்சை.

"பதினோரு மணிக்கு."

"ஏணியக் கொண்டா."

முதலில் மயில்கள் இறங்கின. அவற்றைப் பிடுங்கும்போது தோலை உரிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. தங்க வளையம் போனது, 'நல்வரவு' போனது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் தூணுக்கு ஏறினார். கை ஓடவில்லை. ஒட்டவே தெரிந்த கை, உடைக்கச் சொன்னால் மிரள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினார். சதுரமாக, கத்தரித்த ரொட்டி மாதிரி வந்தது.

"உடைஞ்ச மாதிரியே இல்ல பாய். அளவெடுத்து வெட்டுன மாதிரி இருக்கு. உங்களுக்கு உடைக்கவே வராது, இறங்குங்க" என்றான் சுடலை. லோடு ஜீப்பில் இருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் எடுத்துவந்தான். தெர்மாகோலில் பெட்ரோல் பட்டால் பனிக்கட்டி மாதிரி கரைந்துபோகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாமல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து ஒரு முழு அரண்மனையைக் கரைத்தவன் அவன். அந்தப் பழைய குற்றத்தை இப்போது துளித்துளியாகச் செய்தான். தூணின் தலை கரைந்து, குழிவிழுந்து, இருநூறு வருஷத்து வெயிலும் மழையும் தின்ற கல்லாக மாறியது.

"டேய், இதுதாண்டா நீ பண்ணுன முத ஒழுங்கான வேலை!" என்றார் அல்லா பிச்சை.

கறைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற அறையின் புகைக்குழாயில் இருந்து கரியைச் சுரண்டிப் பால் விடாத கட்டஞ்சாயாவில் குழைத்து ஊற்றப் போனார். அதற்குள் பொற்கொடியும் அவள் கூட்டமும் வந்துவிட்டார்கள். மழைக்கறையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வருஷத்தில் ஆறு மாதம், எஸ்டேட்டில் தங்குகிற லயத்து வீட்டுச் சுவரில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

"அண்ணே, நேரா இறங்காது. வளைஞ்சு வளைஞ்சு வரணும்."

"நடுவுல கருப்பு, ஓரத்துல பச்சை. பாசி வேணும்ணே, பாசி!"

"எங்க வீட்டுச் சுவத்துக்கு வந்து பாருங்க. அதைவிட நல்ல கறை இந்த மலையில கிடையாது."

யாரோ ஓடிப்போய் ஓடைக்கல்லில் இருந்து பாசி வழித்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி போட்டோவை வைத்துச் செடியின் இலைகளை எண்ணி, பிரண்டை ஒடித்து வந்து, வசவு வாங்கிக்கொண்டு திரும்பப் போய்ச் சரியானதைக் கொண்டுவந்தாள். பத்தே முக்காலுக்கு ஏணியைவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்த அல்லா பிச்சை திடுக்கிட்டார். வெறும் முக்கோணம், உடைந்த தலை, ஒழுகிய கறை. வாழ்க்கையில் அவர் கையால் இப்படி ஒரு மொட்டைச் சுவர் வெளியே வந்ததில்லை. ஆனால் அது இப்போது 'டொக்' என்று சொல்லும் என்று தோன்றவில்லை. தட்டினால் கை வலிக்கும் போலிருந்தது.

சமையல் பக்கத்திலிருந்து வந்த பெரியம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் பக்கம் திரும்பி ஒரு தரம் தலையை ஆட்டினாள். கரண்டியில் இருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி வந்தது. கலையரசி இறங்கினாள், ஒரு காலை வண்டியிலேயே மறந்துவிட்டு நின்றாள். ஜூலியன் மாப்பிள்ளை தலையை இடிக்காமல் இறங்குவதிலேயே கவனமாக இருந்து, கடைசியில் நிமிர்ந்தான். அவனுடைய அம்மா கழுத்தில் இருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். மாப்பிள்ளை நேரே படியேறி இரண்டாம் தூணிடம் போய் அந்தப் பொக்கையை அண்ணாந்து பார்த்தான். அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்ன சொல்றாக?" என்றார் அல்லா பிச்சை, கலக்கத்தோடு.

கலையரசி மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சரி பண்ணணும்னு இவங்க ஊர்ல பத்து வருசமா மீட்டிங் போடுறாங்களாம். நீங்க இங்கயும் உடைச்சே வச்சிருக்கீங்களேன்னு சொல்றார் மாமா."

"சரியாத்தான் வச்சிருந்தேன் ஆத்தா. உங்கம்மா விடல!"

போட்டோ எடுக்க வந்தவர் பக்கத்துப் பூப்பாறைக்காரர், மலையாளி. பெரியம்மாள் கொடுத்த படத்தைப் பார்த்து நாலடி பின்னால், இரண்டடி இடப்பக்கம் என்று நகர்ந்து அதே இடத்தைப் பிடித்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். இடது பக்கம் சம்பந்தியம்மாள். பெரியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பக்கம் ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பி நின்றாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ரெடி சேச்சி?" என்றார் போட்டோக்காரர்.

"இருங்க." பெரியம்மாள் தன் பக்கத்துப் படிகளைப் பார்த்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, எல்லாம் வெறும் படி. "நான் ஒருத்தி நின்னா பொண்ணு வீடு ஆயிருமா? ஏ பொற்கொடி, அங்க என்னடி வேடிக்க? வாங்கடி எல்லாரும். இது நம்ம பக்கம்!"

அவ்வளவுதான். காத்திருந்த மாதிரி முற்றமே எழுந்து வந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, கொண்டையில் பூவைச் செருகிக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டு ஏறினார்கள். தூணை மடியில் வைத்து ஏற்றிவந்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், கூடச் சமையல்காரியும் வந்தாள். பலகை 'க்ரீச்' என்றது.

அல்லா பிச்சையும் சுடலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் கோயிலுக்குப் பின்னால் ஓடித் திரைச்சீலையைத் தூக்கிப் படிக்கு அடியில் புகுந்தார்கள். மூன்றாம் படியின் பலகை வயிறு வைத்துத் தொங்கியது. அல்லா பிச்சை முட்டிபோட்டு, குனிந்து, முதுகைக் கொடுத்தார்.

"பாய், எத்தன பேருக்குக் கணக்குப் போட்டீக?" என்றான் சுடலை, நாலாம் படியைக் கையால் தாங்கியபடி.

"பத்து."

சுடலை பலகை இடுக்கில் தெரிந்த கால்களை எண்ணிப் பார்த்தான். "ஐம்பதுக்கு மேல போகுது பாய்."

"கால்தானடா? ஆளு பாதிதான்."

"ஒத்தக் கால்ல நிக்கிறவுகளும் இருக்காக."

மேலே வளையல் சத்தம், சிரிப்பு, "தள்ளுடி, நானும் தெரியணும்." யாரோ குழந்தையை மாற்றிக் கொடுக்கிறார்கள். முதுகில் பாரம் ஏறிக்கொண்டே போனது. இருபத்தெட்டு வருஷமாகக் கல்லை லேசாக்கியே பிழைத்தவருக்கு, இப்போதுதான் ஒரு கோயிலின் நிஜக் கனம் முதுகில் இறங்கியது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை. ஆனாலும் யாரையும் இறங்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இன்னும் ஒருத்தி ஏறினாலும் ஏறட்டும் என்றுதான் இருந்தது.

"ஒரு நிமிஷம், எல்லாரும் இங்கோட்டு நோக்கு" என்று போட்டோக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அந்த நீலச் சேலை சேச்சி, கொஞ்சம் நீங்கி..."

அல்லா பிச்சைக்குப் பொறுக்கவில்லை. கோயிலின் அஸ்திவாரத்திலிருந்து அவர் குரல் கிளம்பியது.

"யோவ், வெரசா எடுய்யா!"

அந்தக் கணம்தான் கேமரா சொடுக்கியது. படம் இன்று பிரான்சில் ஒரு சின்ன ஊரில், சம்பந்தியம்மாள் வீட்டுக் கூடத்தில், பழைய படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நாலு தூண், மொட்டை முக்கோணம், கறை, செடி எல்லாம் அப்படியே. இடது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்து நிற்கிறார். மாப்பிள்ளை குனிந்து தன் செருப்புக்குக் கீழே தேடுகிறான். வலது பக்கம் அஞ்சு படியும் நிரம்பி வழிய நிற்கிற பெண்கள் எல்லாரும், பேசுகிற படிக்கட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மூன்றாம் படியில் பெரியம்மாள் மட்டும் தலையைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.